நாற்பது பேருக்கு ஒரு கோயில்: சென்னை ஆர்மீனியர் பெற்ற எழுத்தும் நாம் கேட்கும் கல்லறை மண்ணும்

1688ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் லண்டனில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. ஒரு தரப்பில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனி; மறு தரப்பில் ஆர்மீனிய வணிகர்களின் சார்பாக கோஜா பானோஸ் கலந்தர். ஆர்மீனியர்கள் தங்கள் சரக்குகளைக் கும்பெனியின் கப்பல்களில் அனுப்ப வேண்டும். அதற்கு ஈடாக, கும்பெனியின் கோட்டைகளிலும் நகரங்களிலும் ஆங்கிலேயர்க்குள்ள உரிமைகளோடு அவர்கள் குடியிருக்கலாம்; வீடும் நிலமும் வாங்கலாம், விற்கலாம். அதனோடு இன்னோர் உறுதிமொழியும் அளிக்கப்பட்டது. கும்பெனியின் எந்த ஊரிலாவது நாற்பது அல்லது அதற்கு மேற்பட்ட ஆர்மீனியர் குடியேறினால், அவர்கள் வழிபாட்டுக்கென ஒரு நிலம் ஒதுக்கப்படும். அதில் கும்பெனியே தன் செலவில் மரத்தால் ஒரு கோயில் எழுப்பித் தரும். அக்கோயிலின் குருவுக்கு ஏழாண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 50 பவுன் வழங்கும்.

நாற்பது பேர் என்பது செந்துறைப் பகுதியில் ஒரு தெருவைக் கூட நிரப்பாத எண்ணிக்கை. இந்த வட்டத்தில் வழக்கறிஞராக இயங்கும் எனக்கு வந்துசேரும் மனுக்களில், பட்டாவுக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பவை மயானம் பற்றியவை. பாதை இல்லை, பாதை இருந்தது, இப்போது வயலாகிவிட்டது, மழைக்காலத்தில் ஓடையைக் கடக்க முடியவில்லை, ஊர்த்தெரு வழியே பாடை போகக்கூடாது என்கிறார்கள். மனுக் கொடுப்பவர்கள் பல நூறு பேர் வாழும் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள், தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் உழைத்தவர்கள். வெளியிலிருந்து வந்த நாற்பது பேருக்கு எழுத்தில் கிடைத்த ஒன்று, உள்ளூரில் பிறந்த நானூறு பேருக்கு ஏன் இன்னும் மனுவாகவே இருக்கிறது? சென்னையில் ஆர்மீனியர் விட்டுச்சென்ற கோயிலையும் கல்லறைகளையும் இந்தக் கேள்வியோடு பார்ப்பது பயனுள்ளது.

ஆர்மீனியர்கள் விரும்பி ஊர்விட்டவர்கள் அல்லர். 1604-05இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், அராஸ் ஆற்றங்கரையிலிருந்த ஜுல்ஃபா நகரத்தையே காலிசெய்து, அதன் மக்களைத் தன் தலைநகரான இஸ்ஃபஹானுக்கு அருகே கொண்டுவந்து குடியமர்த்தினார். அவர்கள் உருவாக்கியது புதிய ஜுல்ஃபா. அங்கிருந்து பட்டும் துணியும் மணிக்கற்களும் விற்றபடி ஐரோப்பா முதல் மணிலா வரை சென்றனர். சென்னைப்பட்டினம் அந்த வழியில் ஒரு நிறுத்தம். நாடிழந்தவர்கள், எண்ணிக்கையில் மிகச் சிறியவர்கள், பேச்சும் வழிபாடும் வேறு. ஆனால் கையில் மூலதனம் இருந்தது. கும்பெனிக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். 1688ஆம் ஆண்டின் தாராளத்தை இந்தத் தேவையைக் கழித்துவிட்டுப் படிக்கக் கூடாது.

சென்னையில் ஆர்மீனியரின் முதல் கோயில் 1712இல் எழுந்தது. இன்று உயர் நீதிமன்றத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில், ஜார்ஜ் டவுனின் ஆர்மீனியன் தெருவில் நிற்கும் தூய மரியன்னை ஆலயம் 1772இல் கட்டப்பட்டது. தமிழ் நாவு ‘ஆர்மீனியன்’ என்பதை ‘அரண்மனைக்காரன்’ ஆக்கிக்கொண்டது; அரண்மனைக்காரன் தெருவில் எந்த அரண்மனையும் இருந்ததில்லை. ஆலயம் நிற்கும் இடம் முன்பே ஆர்மீனியரின் கல்லறை நிலம். அதாவது அங்கே முதலில் வந்தது கல்லறை, பிறகுதான் கோயில். முற்றத்திலும் நடைவழியிலும் பாவப்பட்டிருக்கும் கற்கள் தரைக்கற்கள் அல்ல, கல்லறைப் பலகைகள்; ஏறத்தாழ 350 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள். வழிபட வரும் ஆர்மீனியர் சென்னையில் இன்று அநேகமாக எவருமில்லை. கொல்கத்தாவிலுள்ள ஆர்மீனியத் திருச்சபைக் குழு அதைப் பராமரிக்கிறது.

அந்தக் கல்லறைகளில் ஒன்று பாதிரியார் ஹருத்யூன் ஷ்மாவோனியனுடையது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் சென்னையில்தான் வெளிவந்தது. அதை நடத்தியவர் அவர். 1824இல் மறைந்தார். சட்ட மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு பெயர் ஷாஹாமிர் ஷாஹாமிரியன். புதிய ஜுல்ஃபாவில் பிறந்து சென்னையில் பெருவணிகராக வாழ்ந்த அவர், 1770களின் தொடக்கத்தில் இங்கே ஓர் அச்சகத்தை நிறுவினார். 1773 என்னும் ஆண்டைத் தாங்கி அந்த அச்சகத்திலிருந்து வந்த ‘வொரோகாய்த் பாராத்ஸ்’ என்னும் நூல், இன்னும் உருவாகாத ஓர் ஆர்மீனியக் குடியரசுக்கான அரசமைப்பு. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஆட்சி, மனிதர் எவரும் மற்றவர்மீது ஆண்டையாக இருக்கலாகாது என்னும் கொள்கை ஆகியவை அதில் பிரிவு பிரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. பண்ணையடிமைகள் நெல் வயல்களில் வேலை செய்துகொண்டிருந்த தமிழ்நாட்டில், ஆண்டை இல்லாத ஒரு நாட்டைப் பற்றிய நூல் அச்சாகிக்கொண்டிருந்தது! அந்த எழுத்து ஆர்மீனிய மொழியில் இருந்தது. நம் சேரிகளுக்கு அதன் செய்தி எட்டியிருக்க வழியில்லை.

நம் சேரிகளுக்கு எட்டியது என்ன என்பதைக் கும்பெனிக்குப் பின்வந்த ஆங்கில அரசின் அதிகாரியே எழுதியிருக்கிறார். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை, பறையர்கள் பலர் தாங்கள் குடியிருக்கும் குடிசை நிலத்துக்குக் கூட உரிமையற்றவர்களாக மிராசுதாரர்களின் தயவில் வாழ்வதைச் சுட்டியது. அதன் விளைவாகவே 1892இல் பஞ்சமி நில ஏற்பாடு வந்தது. நாற்பது அயலவருக்கு நிலம் தருவதாக எழுதிக்கொடுத்து 200 ஆண்டுகள் கழிந்த பிறகும், மண்ணின் மக்களுக்கு வீட்டடி நிலம் எழுத்தில் இல்லை. வீட்டுக்கே எழுத்து இல்லாதவர்களின் சுடுகாட்டுக்கு எங்கிருந்து எழுத்து வரும்? பல ஊர்களில் சேரி மயானம் என்பது இன்றும் வழக்கத்தால் மட்டுமே நிற்கும் இடம். ஓடைப் புறம்போக்கு, ஏரிக்கரை, எவருக்கோ பட்டாவாகிவிட்ட தரிசு. வழக்கத்தை நம்பி இருப்பவரை, நிலம் கைமாறும் நாளில் எளிதாக அப்புறப்படுத்திவிடலாம்.

எழுத்து இருந்தால் எல்லாம் நிலைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஆர்மீனியரின் வரலாற்றிலேயே அதற்கு எதிரான சான்று வேப்பேரியில் இருக்கிறது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் மர்மலாங் பாலம் கட்டியவரும், பரங்கிமலைப் படிக்கட்டுகளை அமைத்தவருமான கோஜா பெத்ருஸ் உஸ்கான், வேப்பேரியில் ஒரு சிற்றாலயம் எழுப்பினார். 1751இல் இறந்து அங்கேயே அடக்கமானார். தன் இதயத்தை மட்டும் எடுத்துப் புதிய ஜுல்ஃபாவுக்கு அனுப்பச் சொன்னார் என்பர். 1746 முதல் 1749 வரை சென்னை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், கத்தோலிக்கரையும் ஆர்மீனியரையும் சந்தேகத்துடன் பார்த்து, கோட்டைக்குள் இருந்த வெள்ளையர் நகரத்திலிருந்து வெளியேற்றினர். 1688ஆம் ஆண்டின் வாக்கு அப்போது எவர் நினைவிலும் இல்லை. உஸ்கான் கட்டிய சிற்றாலயத்தையும் 1752இல் எடுத்து, ஃபப்ரீசியுஸ் தலைமையிலிருந்த சீர்திருத்தத் திருச்சபை மிஷனரிகளிடம் ஒப்படைத்தனர். இன்று அவ்விடத்தில் இருப்பது தூய மத்தியா ஆலயம். கோயில் கைமாறியது, கட்டடமே மாறியது. உஸ்கானின் கல்லறை மட்டும் அவ்வளாகத்தில் இருக்கிறது.

வேப்பேரியின் கதை இதோடு முடிந்திருந்தால் நான் அதை இவ்வளவு விரித்திருக்க மாட்டேன். குடியேறி ஒருவர் கட்டிய சிற்றாலயம் மிஷனின் கைக்கு வந்தபின், அதில் தமிழ்க் கிறித்தவச் சபை வளர்ந்தது. சபையோடு சாதியும் உள்ளே வந்தது. வேளாளர் ஒருபுறம், பறையர் ஒருபுறம் என்று தனித்தனி இருக்கை. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் ஒரு சுற்றறிக்கை விடுத்தார்: ஆலயத்துக்குள் சாதி வேறுபாடு உடனே, உறுதியாக, முற்றாக ஒழிய வேண்டும். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் உயர்சாதிக் கிறித்தவர் பலர் கோயிலை விட்டு வெளியேறினார்களே தவிர, சேர்ந்து உட்காரவில்லை. ஓர் அயல்நாட்டவரின் கல்லறைக்கு அருகே அமர்வதில் அவர்களுக்குத் தடை இருந்ததாகத் தெரியவில்லை. உள்ளூர்ப் பறையரின் அருகே அமர்வதில்தான் தடை.

வில்சனின் சுற்றறிக்கைக்கு ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆகப்போகின்றன. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நின்ற சுவரை இக்கட்டுரையைப் படிக்கும் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள்: ஒருபுறம் தலித் கிறித்தவர், மறுபுறம் மற்றவர். நமக்கு வடக்கே உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள ஏறையூரில், ஊரின் பெரிய கோயிலில் சமமாக நடத்தப்படாத தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்கெனச் சகாய மாதா பெயரில் ஒரு சிற்றாலயம் கட்டினார்கள். தங்கள் சவ ஊர்வலம் முதன்மைத் தெரு வழியே செல்ல வேண்டும், தங்கள் ஆலயம் தனிப் பங்காக ஏற்கப்பட வேண்டும் என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று ஆதிக்கச் சாதிக் கிறித்தவர்களின் தாக்குதலும் அதைத் தொடர்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன, இருவர் உயிரிழந்தனர். ஏறையூர் மக்கள் கேட்டதையும் 1688இல் ஆர்மீனியர் பெற்றதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு கோயில், ஒரு குரு, ஒரு கல்லறைக்கு வழி. கோரிக்கையில் வேறுபாடே இல்லை.

அரியலூர் மாவட்டம் கும்பகோணம் மறைமாவட்டத்துக்குள் வருகிறது. அதே மறைமாவட்டத்தைச் சேர்ந்த திருச்சி மாவட்டக் கோட்டப்பாளையம் பங்கில் தலித் கத்தோலிக்கர்கள் ஒதுக்கப்படுவதாகத் தொடரப்பட்ட வழக்கில், 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் எதிர்த்தரப்பினருக்கு அறிவிக்கை அனுப்பியிருக்கிறது. ஆகவே இது பழங்கதை என்று எவரும் சொல்ல முடியாது.

சட்டம் கல்லறைகளைக் காக்கத் தெரியாதது அல்ல. அதற்குச் சான்று தேட நான் படித்தவர்களையும் படிக்கிறவர்களையும் சென்னைச் சட்டக் கல்லூரியின் பழைய வளாகத்துக்கே அழைப்பேன். உயர் நீதிமன்றத்தை ஒட்டிய அந்த இடம், கும்பெனிக் காலத்தில் ‘கொய்யாத் தோட்டம்’ எனப்பட்ட ஆங்கிலேயர் கல்லறை. 1758-59 பிரெஞ்சு முற்றுகையில் எதிரிப்படை கல்லறைகளின் மறைவில் நின்று சுட்டதால், முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் அவற்றை இடித்தனர். பெயர் பொறித்த கற்கள் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் ஆலயத்தின் முற்றத்துக்குப் போயின. இடிபடாமல் எஞ்சியவற்றுள் ஒன்று, ஆளுநர் எலிகு யேலின் குழந்தை டேவிட் யேலும், யேலின் நண்பர் ஜோசப் ஹின்மர்ஸும் அடக்கமான கல்லறை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் தாங்கியிருப்பது இந்த யேலின் பெயரைத்தான். 1680களில் சென்னைப்பட்டினத்திலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டதைக் கோட்டையின் பதிவேடுகள் காட்டுகின்றன. அந்த நிர்வாகத்தின் உச்சியில் இருந்தவர்களுள் ஒருவர் அவர். கப்பலேறியவர்களுக்குக் கல்லறை உண்டா என்று எந்தப் பதிவேடும் கவலைப்படவில்லை.

அக்கல்லறை 1921இல் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின்படி அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது. அடுத்த 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. நீதிமன்ற வளாகத்துக்கு வாகன நிறுத்தம் கட்ட இது தடையாக இருப்பதாக வழக்கு வந்தது. 2023 ஜூனில் தனி நீதிபதி, அக்கல்லறையை வேறிடத்துக்கு மாற்றுமாறு தொல்லியல் துறைக்கு உத்தரவிட்டார். விவகாரம் மேல்முறையீட்டுக்குச் சென்றது. கல்லறையை மாற்ற வேண்டுமா என்பதில் எனக்குப் பெரிய கருத்து இல்லை. குழந்தையின் கல்லறை, இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குச் சுற்றிலும் 300 மீட்டர் வரை அரசு அளந்து வைத்திருக்கிறது என்பதுதான் நான் கவனித்தது. செந்துறைப் பக்கத்து மயானப் பாதைக்கு நாம் கேட்பது நான்கு பேர் பாடை தூக்கி நடக்கும் அகலம்.

இப்போது நம் கையில் உள்ள எழுத்துகளுக்கு வருவோம். அவை 1688ஆம் ஆண்டின் உறுதிமொழியைவிடக் குறைந்தவை அல்ல. மனிதரின் மாண்பு இறந்தபின் அவர் உடலுக்கும் உண்டு என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அரசமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் அது அடங்கும். பட்டியல் சாதியினர் இடுகாட்டையோ சுடுகாட்டையோ மற்றவர்க்கு நிகராகப் பயன்படுத்துவதைத் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி 3(1)(இசட்ஏ) பிரிவின் கீழ் தனிக்குற்றம். பாதையைத் தடுப்பதும் அதில் வரும். வாணியம்பாடிக்கு அருகே 2019 ஆகஸ்டில், வழி மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்க நேர்ந்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கு எடுத்தது. தலித்துகளுக்குத் தனி மயானம் அமைப்பதே சாதியை வளர்ப்பதாகாதா என்று அரசைக் கேட்டது. 2021 டிசம்பரில் அதே நீதிமன்றம், மயானங்களில் சாதிப் பெயர்ப் பலகைகளை அகற்றவும் அனைவருக்கும் பொதுவான மயானங்களை ஏற்படுத்தவும் அரசுக்குக் கூறியது.

ஆனால் தலித் கிறித்தவரின் நிலை வேறு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்கிறது. ஞானஸ்நானம் பெற்றவர் சேரியிலேயே வாழ்ந்தாலும், அவர் பிணத்தை அதே ஆதிக்கச் சாதி மறித்தாலும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குத் துணை வராது. எஞ்சுவது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். அதன் 4ஆம் பிரிவு இடுகாடு, சுடுகாடு, பாதை ஆகியவற்றில் தீண்டாமை காட்டுவதைக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அக்குற்றத்துக்கு இல்லை. ஆயினும் பட்டியல் சாதியினருக்குச் சாதகமாக நீதிமன்றம் கொள்ளும் சட்ட ஊகம் கிறித்தவருக்குக் கிடைக்காது. தீண்டாமையின் அடிப்படையில்தான் தடுத்தார்கள் என்பதை அவர் தனியே மெய்ப்பிக்க வேண்டும். காவல் நிலையங்களில் இந்தச் சட்டத்தையே மறந்துவிட்டார்கள் என்பது என் அனுபவம். மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய 2022இல் அமைக்கப்பட்ட பாலகிருஷ்ணன் ஆணையத்தின் கேள்வியும் இதுவே.

இந்த இடைவெளியின் விலை என்ன என்பதைச் சத்தீஸ்கரின் பஸ்தரில் பார்த்தோம். மஹரா என்னும் தலித் சமூகத்தைச் சேர்ந்த ஒரு கிறித்தவப் போதகர் 2025 ஜனவரி 7 அன்று இறந்தார். ஊர் மயானத்தில் அவர் சமூகத்தின் பகுதியிலும் இடமில்லை, குடும்பத்தின் சொந்த நிலத்திலும் புதைக்கக் கூடாது என்று ஊரார் மறித்தனர். உடல் 20 நாள் பிணவறையில் கிடந்தது. ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி நாகரத்னா சொந்த நிலத்தில் அடக்கம் செய்யலாம் என்றார். நீதிபதி சதீஷ் சந்திர சர்மா, விரும்பிய இடத்தில் அடக்கம் செய்யும் முழு உரிமை எவருக்கும் இல்லை என்றார். கருத்து பிரிந்தாலும் உடல் இனியும் காத்திருக்கக் கூடாது என்பதால், 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கிறித்தவக் கல்லறைக்கு எடுத்துச்செல்லுமாறு இருவரும் உத்தரவிட்டனர். பிறந்த ஊரில் அவர் குடியேறியாகக் கூட ஏற்கப்படவில்லை.

தமிழ்நாட்டிலும் சொந்த நிலம் என்பது தீர்வு அன்று. 1999ஆம் ஆண்டின் கிராம ஊராட்சிகள் இடுகாடு, சுடுகாடு விதிகள், பதிவு பெறாத புதிய இடத்தில் உரிமமின்றி அடக்கம் செய்வதைத் தடுக்கின்றன. குடியிருப்புக்கும் நீர்நிலைக்கும் 90 மீட்டர் இடைவெளி வேண்டும். ஆகவே பதிவேட்டில் இடம்பெறுவது ஒன்றே வழி.

அதற்கு நம்மிடம் ஒரு கருவி இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரிசன நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம், வீட்டுமனைக்கு மட்டுமே உரியது என்று அலுவலகங்களில் சொல்வார்கள். சட்டத்தின் விளக்கப் பிரிவைப் படித்துக் காட்டுங்கள். இடுகாடு, சுடுகாடு அமைப்பதும், அவற்றுக்குப் பாதை அமைப்பதும் அதில் வெளிப்படையாகவே உள்ளன. இந்தச் சட்டம் 2019இல் உயர் நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது உண்மை. அதே ஆண்டில் சட்டமன்றம் இயற்றிய புத்துயிர்ப்புச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் ஏற்றுக்கொண்டது. எனவே ‘அந்தச் சட்டம் செத்துவிட்டது’ என்னும் பதிலை ஏற்க வேண்டாம்.

மனு எழுதும் முன், கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கேட்டு, உங்கள் மயானத்தின் புல எண் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது, பாதை வரைபடத்தில் கோடாக இருக்கிறதா என்று பாருங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். 30 நாள் ஆகும். மூத்தவர்களின் புதைகுழிகள், நடுகல், சமாதி எவை இருந்தாலும் படமெடுத்து, யாருடையது, எந்த ஆண்டு என்று எழுதி மனுவோடு இணையுங்கள். வழக்கமான பயன்பாட்டுக்கு அவைதான் சான்று. இவை எல்லாவற்றையும் ஊரில் எவரும் இறக்காத ஒரு வாரத்தில் செய்யுங்கள். சாவு விழுந்த அன்று வட்டாட்சியர் வந்து பேசி வைப்பது அந்த ஒரு பிணத்துக்கான வழி மட்டுமே. பதிவேட்டில் ஒரு வரி கூட அதனால் மாறாது.